செசிலியின் எட்டு மணி மாத்திரை

கடலுக்கு உப்பு எப்படி வந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, மீனைப் பிடித்தோமா குழம்பை வைத்தோமா என்று போய்க்கொண்டே இருக்கிறோம். அதுபோல, சிப்பிமுனை என்கிற நூற்றிருபது வீட்டு மீனவ ஊர் ஒரு புதன்கிழமை காலை எட்டேமுக்கால் மணிக்கு ஏன் சுற்றத் தொடங்கியது என்பதை விட்டுவிட்டு, சுற்றத் தொடங்கியபிறகு அந்த ஊர் எப்படி அடுப்பு மூட்டியது, எப்படிப் பிள்ளைகளைக் குளிப்பாட்டியது, கடைசியில் எப்படி மாதாவைத் தோளில் தூக்கியது என்று சொன்னாலே கதை நிறைந்துவிடும்.

அது செசிலியின் மாத்திரையில் தொடங்கியது. செசிலிக்கு இருபத்தெட்டு வயது, கடலுக்குப் போகிற இன்னாசியின் மனைவி, இரண்டரை வயது ஷைனிக்கு அம்மா. பிப்ரவரியில் அவளுடைய இடது இடுப்பில் அக்கி வந்து, விலாவிலிருந்து இடுப்பெலும்பு வரைக்கும் ஒரு கை அகலத்துக்குக் கொப்புளம் போட்டது. பக்கத்து ஊர்க் குயவர் வந்து செங்காவியைக் குழைத்து, வழக்கப்படி கொப்புளத்தைச் சுற்றி இரண்டு சிங்கம் எழுதிவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, தோல் பழையபடி வழவழவென்று ஆனது, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சிங்கம் இரண்டும் கறியைத் தின்றுவிட்டு எலும்பை உள்ளேயே போட்டுவிட்டுப் போய்விட்டன என்று செசிலி சிரித்துக்கொண்டே சொல்வாள், சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டும். துணி பட்டால் நெருப்பு, காற்று பட்டால் கரண்ட்டு. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அது பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடுப்பு. ஷைனி ஓடி வந்து காலைக் கட்டினால் செசிலி இரண்டடி பின்னால் போனாள், பிள்ளை கையை நீட்டியபடியே நின்றது.

இதை நம்பத்தான் ஆளில்லை. அடுத்த வீட்டில் இருந்த இன்னாசியின் அக்கா வியாகுலமேரி, அந்தத் தெருவிலேயே நீளமான நாக்குக்காரி, செசிலியின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தோலைப் பார்த்தால் புதுப் பானை மாதிரி இருக்கிறது, வலியாம் வலி, மீன் காயப்போடுகிற நேரம் பார்த்துத்தான் அந்த வலிக்கு நல்ல நேரமோ என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள். அப்படியே ஐந்து மாதம் போனது. ஆறாவது மாதம் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா செசிலியைத் தொடாமலே, விரலை அரையடி தள்ளிக் காற்றில் வைத்து, இங்கேயா, இங்கேயா என்று கேட்டாள். தொடாமலே கேட்டதில் செசிலி அழுதுவிட்டாள். புண் ஆறிவிட்டது, நரம்பு இன்னும் ஆறவில்லை என்று டாக்டரம்மா சொல்லி, காலையில் எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று என்று நரம்பு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். தலை நன்றாகச் சுற்றும், பயப்படக் கூடாது, உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருக்க வேண்டும், போகப்போகப் பழகிவிடும், ஆனால் எக்காரணத்தைக் கொண்டும் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, நிறுத்துவதென்றால் கொஞ்சங்கொஞ்சமாக நான்தான் நிறுத்துவேன் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

புதன்கிழமை எட்டு மணிக்குச் செசிலி மாத்திரையை முழுங்கிவிட்டு, கத்தி அரிவாள்மணையை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தலை சுற்றுவதற்காகக் காத்திருந்தாள். தலை சுற்றவில்லை. எட்டேமுக்காலுக்கு ஊர் சுற்றியது. தொட்டித் தண்ணீரில் மிதக்கிற சட்டியைப் பிள்ளை ஒரு விரலால் தள்ளிவிட்டால் எப்படித் திரும்புமோ, அப்படி உப்பாற்றுப் பாலத்திலிருந்து கடற்கரை வரைக்கும் நூற்றிருபது வீடும் மாதா கோயிலும் ஐஸ் கம்பெனியும் இடப்பக்கமாக மெல்லத் திரும்பின, கால் வட்டம் வந்ததும் யோசித்தன, பிறகு கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி திரும்பின. பானை மூடிகள் உருண்டன. காய்ந்துகொண்டிருந்த நெத்திலி எல்லாம் பாயின் ஒரே ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாலத்துக்கு அப்பால் ஒரு புல்கூட அசையவில்லை.

செசிலி எழுந்து நின்றாள். இடுப்பில் நெருப்பு இல்லை. விரலால் தொட்டாள், உள்ளங்கையால் தொட்டாள், துணியைப் போட்டு அழுத்தித் தேய்த்தாள். பிறகு சுற்றுகிற வீட்டுக்குள் சுற்றாத கால்களோடு நடந்துபோய், தூணைப் பிடித்துக்கொண்டு கிக்கிக்கென்று சிரித்துக்கொண்டிருந்த ஷைனியைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் வியாகுலமேரி வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்கப் பெண்கள் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். செசிலி தன் மைனி வியாகுலமேரிக்கு முகம் துடைத்துவிட்டு, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். வியாகுலமேரி வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப இந்தச் சுத்தெல்லாம் ஒனக்கு வர வேண்டியதா?"

"ஆமா மைனி."

"வலி போறதுக்காக வந்த சுத்து."

"ஆமா மைனி."

வியாகுலமேரி, மரத்தை விடாமலே, இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த கோயில் கோபுரத்தைப் பார்த்தாள். "செதிலே இம்புட்டுப் பெருசுன்னா, மீனு எம்புட்டுப் பெருசாட்டி இருந்திருக்கும்," என்றாள். அதற்குப்பிறகு அந்தத் தெருவில் யாரும் செசிலியின் வலியைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, சொல்ல வந்தவர்களை வியாகுலமேரி விட்டதுமில்லை.

இப்படியாக ஊர் தினமும் எட்டேமுக்காலுக்குச் சுற்றத் தொடங்கி இரண்டு மணிக்கு நின்றது. முதல் வாரம் எலுமிச்சை ஊறுகாய் தீர்ந்துபோனது. இரண்டாவது வாரம் ஊர் புத்திக்கு வந்தது. பழைய வலையைக் கிழித்துப் பெண்கள் சட்டி பானைகளைக் கட்டிப் போட்டார்கள். டீக்கடை லாசர் கிளாஸில் முக்கால் மட்டுமே ஊற்றினான், கேட்டதற்கு மீதிக் கால் எப்படியும் உன் சட்டையில்தானே போகும் என்றான், இரண்டு நாள் சண்டைக்குப்பிறகு அதுவே வழக்கமானது. சவரக்கடைக்காரர் எட்டரைக்குக் கத்தியை மடித்து வைத்தார். கோயில் மணி தன்பாட்டுக்கு அடித்ததால் பங்குச்சாமியார் அதன் நாக்கில் சாக்குத் துணியைச் சுற்றினார். டீச்சர் தரையில் உட்கார்ந்து பாடம் நடத்தினாள், பிள்ளைகளின் கையெழுத்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, பார்வையிட வந்த அதிகாரி அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வாந்தி எடுக்கப் போனார். நாய்கள் ஊர் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் ஓடி ஓடி இருந்த இடத்திலேயே இருந்தன. குடிகாரன் என்று இருபது வருஷமாகப் பெயர் எடுத்த ரெய்மண்ட் மட்டும் பகலில் நேர்கோட்டில் நடந்தான், அவன் மனைவி பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். ராத்திரி மாத்திரையைப் பற்றி யாருக்கும் குறையே இல்லை, ஆட்டுவார் இல்லாமலே தொட்டில்கள் ஆடின. காலையில் முழுங்கியதும் செசிலி முருங்கைக் கிளையில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினாள், அதைப் பார்த்துத் தெரு உலையை இறக்கியது. செசிலி முழுங்கிட்டாளா என்பதே நாலு பேர் சந்தித்தால் முதல் பேச்சு.

அதற்குள் நடப்பதற்கும் ஒரு வழி கிடைத்தது. வியாகுலமேரிதான் கண்டுபிடித்தாள், குழாயடியில் இருந்து குடத்தோடு வரும்போது. பத்து நாள் பாதித் தண்ணீரைச் சிந்திவிட்டு, பதினோராவது நாள் ஆத்திரத்தில் குடம் போகிற போக்குக்கே இடுப்பைக் கொடுத்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மறித்தால் சிந்தும், விட்டால் சிந்தாது. ஊர் போகிற பக்கமே அரையடி போய், அது யோசிக்கிற நேரம் பார்த்து முன்னால் காலை எடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பெண்கள் தலையில் மீன் கூடையும் இடுப்பில் குடமும் கையில் பிள்ளையுமாக, பேசிக்கொண்டே, திரும்பிப் பார்த்து வம்பு பேசிக்கொண்டே, அந்தச் சுற்றுக்குள் நடந்தார்கள்.

கடலுக்குப் போகிற ஆண்களுக்கு இது ஒன்றுமே தெரியாது. விடியுமுன் மூன்று மணிக்கு வள்ளம் தள்ளுகிறவர்கள் இரண்டரை மணிக்குத்தான் கரை ஏறுவார்கள், ஊர் நின்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்ததும் வாரத் தூக்கம் முழுவதையும் ஒரே மூச்சாகத் தூங்குவார்கள். படுத்திருக்கிறவனுக்கு அந்தச் சுற்று தாலாட்டு. இதற்குப்போய் வாந்தியா, இந்தப் பெண்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மீன் எல்லாம் பயந்து ஓடிவிடும் என்று சிரித்தார்கள்.

ஆவணியில் ஊர்க் கமிட்டித் தலைவர் தொம்மை தன் மகள் கல்யாணத்துக்காக ஒரே ஒரு நாள் மாத்திரையை விட்டுவிடும்படி கேட்டார். பந்தியில் சாம்பார் ஊற்ற வேண்டாமா என்று கேட்டார், நியாயமாகத்தான் பட்டது, செசிலியும் விட்டாள். ஊர் அசையாமல் நின்றது, கல்யாணம் நன்றாக நடந்தது. பதினோரு மணிக்கு வலி திரும்பி வந்தது, ஐந்து மாதத்து வலியும் வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றதுபோல ஒன்றாக உள்ளே நுழைந்தது. இடுப்பில் ஷைனி இருந்தாள். செசிலி கத்திய கத்தலில் கை தானாக விட்டுவிட்டது, பிள்ளை சிமெண்ட்டுத் தரையில் விழுந்து நெற்றி வீங்கியது. மறுநாள் மாத்திரை போட்டு வலி போனபிறகும், மூன்று நாளைக்கு அந்தப் பிள்ளை தூர நின்றுகொண்டு, அம்மா, தொடவா, அம்மா, தொடவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அதனால்தான் அக்டோபரில் செபமாலை மாதா திருவிழாவுக்குக் கமிட்டி கூடி, பத்தாம் நாள் சப்பரத்துக்காகச் செசிலி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொன்னபோது, அவள் முடியாது என்றாள். தேக்கும் இரும்புமாகச் செய்த சப்பரத்தை, உள்ளே மாதாவும் சுற்றிலும் விளக்கும் பூவுமாக, பதினாறு பேர் தோளில் தூக்கி ஊரை வலம் வருவது வழக்கம். காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால் பன்னிரண்டுக்குக் கோயிலுக்குத் திரும்பும்.

"மாதாவுக்காக ஒரு நாள் பொறுக்க மாட்டியா?" என்றார் தொம்மை.

"எனக்காகன்னா பொறுத்துக்கிடுவேன் மாமா. எம்பிள்ளையத் திரும்பக் கீழ போட மாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு. அன்றைக்கு ஒன்பதரைக்குச் சப்பரத்தைக் கிளப்பாமல் மூன்று மணிக்குக் கிளப்பினால் என்ன என்று பங்குச்சாமியார் மெல்லக் கேட்டுப் பார்த்தார். நூறு வருஷமாகக் காலையில் கிளம்புகிற சப்பரம் ஒரு மாத்திரைக்காகச் சாயங்காலம் கிளம்புமா என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள். கடைசியில் தீர்ப்பு இப்படி ஆனது: செசிலி முழுங்கினால் அவள் வீட்டு வாசலில் சப்பரம் நிற்காது, இந்த வருஷம் மட்டும் இல்லை, இனி எந்த வருஷமும் நிற்காது. சிப்பிமுனையில் சப்பரம் போகிற பாதையில் இருந்தும் வாசலில் மாதா நிற்காமல் தாண்டிப்போன வீடு என்றால், நல்லது கெட்டதுக்கு யாரும் படியேறாத வீடு என்று அர்த்தம். அதோடு தொம்மை நெஞ்சை நிமிர்த்தி, சுற்றினாலும் நாங்கள் தூக்குவோம், கடலிலேயே நிற்கிற கால் இது, தரைச் சுற்றுக்குப் பயந்தவன் வலை எடுக்க லாயக்கில்லை என்றும் சொன்னார், ஆண்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

இன்னாசி முன்வரிசை இடது கம்புக்காரன், அவன் அப்பாவுக்கு இருந்த இடம். பத்தாம் நாள் எட்டு மணிக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரையும் மாத்திரையையும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான். "முழுங்கு," என்றான். "வாசல்ல மாதா நிக்காட்டி, நாம மாதா நிக்கிற எடத்துக்குப் போவோம்." செசிலி முழுங்கிவிட்டு, போய் முருங்கையில் சிவப்புத் துண்டைக் கட்டினாள்.

பூசை முடியும்போதே பெஞ்சுகள் நகர ஆரம்பித்திருந்தன. ஒன்பதரைக்குப் பதினாறு ஆண்கள், மரியே வாழ்க என்று சொல்லிச் சப்பரத்தைத் தூக்கினார்கள், தூக்கியதும் வள்ளத்தில் நிற்கிற பழக்கத்தில் பதினாறு பேரும் காலை அகட்டி ஊன்றினார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. கடல் ஏறும் இறங்கும், அதை மிதித்து அமுக்கலாம். இது திரும்புகிற தரை, மிதிக்க மிதிக்கக் காலுக்கடியில் இருந்து நழுவிப் போனது. அவர்கள் இன்னும் பலமாக ஊன்றினார்கள். முன்வரிசை ஒரு பக்கமும் பின்வரிசை ஒரு பக்கமும் போக, சப்பரம் இருபதடி போவதற்குள் ஒருபக்கமாகச் சாய்ந்தது, விளக்கில் எண்ணெய் வழிந்தது, மாதாவின் மணிமுடி ஒரு விரல் சரிந்தது. முதலில் உட்கார்ந்தது இன்னாசிதான், உட்கார்ந்தும் கம்பை விடாமல் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருந்தான். அடுத்து அவனுக்குப் பின்னால் நின்றவன். அதற்குப் பின்னால் ஒவ்வொருவராக. தொம்மை விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கமிட்டித் தலைவருக்குப் போர்த்திய பொன்னாடைக்குள் முகத்தை வைத்துக் குமட்டினார்.

பின்னால் மெழுகுவத்தியோடு பாட்டுப் பாடி வந்துகொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. வியாகுலமேரி மெழுகுவத்தியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சரிந்துகொண்டிருந்த பின்கம்புக்கடியில் தோளைக் கொடுத்தாள். அடுத்தவள் அவளைப் பார்த்துக் கொடுத்தாள். பெண்கள் சப்பரக் கம்பைத் தொடக் கூடாது என்று ஒரு முறை உண்டு. அதைச் சொல்லத் தொம்மை கையைத் தூக்கினார், கம்பத்தைப் பிடிக்க அந்தக் கை வேண்டியிருந்ததால் மறுபடி இறக்கிக்கொண்டார். முன்வரிசை இடது கம்பு மட்டும் இன்னும் இன்னாசியின் கையில் இருந்தது. செசிலி, ஷைனியை இடுப்பை விட்டு இறக்காமலே போய், குனிந்து, புருஷன் தலைக்குமேல் இருந்த கம்பைத் தோளில் வாங்கினாள்.

"மறிக்காதீங்க," என்றாள் வியாகுலமேரி. "விடுங்க. ஊரு போற பக்கமே விடுங்க."

விட்டார்கள். பதினாறு பெண்களும் ஊர் போகிற பக்கம் அரையடி போய், அது யோசிக்கிற நேரம் பார்த்து ஒரே காலாக முன்னால் எடுத்து வைத்தார்கள், சப்பரம் நிமிர்ந்தது, விளக்குச் சுடர் ஊசிபோல் நின்றது. அப்போதுதான் சிப்பிமுனை அதுவரை காணாத ஒன்றைக் கண்டது. வீடுகள் திரும்பின, கோயில் திரும்பியது, தென்னைகள் திரும்பின, கடல் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போனது. சப்பரம் மட்டும் திரும்பவில்லை. அத்தனை சுற்றுக்கும் நடுவே, அச்சாணிபோல, அது நேராக மிதந்து வந்தது, ஒவ்வொரு வாசலும் தானாகத் திரும்பி மாதாவுக்கு எதிரே வந்து நின்று, கும்பிட்டு, விலகிப் போனது. தரையில் கிடந்த ஆண்கள் பிடிப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் அதன்மேல் கண்ணை வைத்தார்கள், கண்ணை வைத்ததும் குமட்டல் அடங்கியது, ஒவ்வொருவராகத் தவழ்ந்து, குனிந்து, பிறகு நிமிர்ந்து, கண்ணைச் சப்பரத்தை விட்டு எடுக்காமல் பின்னால் நடந்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக ஆண்கள் பாடிக்கொண்டு பின்னால் போனார்கள், பாட்டு பாதிதான் தெரிந்தது.

செசிலி வீட்டு வாசல் மெல்லத் திரும்பி எதிரே வந்தது. எல்லாரும் தொம்மையைப் பார்த்தார்கள். அவர் லாசரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் வெளுத்திருந்தது.

"நில்லுங்க," என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி, "சப்பரத்த நிறுத்துங்க. அவ வீட்டுல நின்னுட்டுப் போகட்டும்," என்றார்.

நின்றது. இன்னாசி ஓடிப்போய், ஓடி என்றால் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், உள்ளே இருந்து சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்தான். கம்பைத் தாங்கிக்கொண்டிருந்த செசிலியால் கும்பிட முடியவில்லை, ஷைனிதான் அம்மா இடுப்பில் இருந்தபடி இரண்டு கையையும் சேர்த்தாள்.

பன்னிரண்டுக்குக் கோயில் வாசலுக்கு வந்தபோது, பங்குச்சாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு, இறக்கி வையுங்கள் அம்மா, தோள் வலிக்கும் என்றார். வியாகுலமேரி கழுத்தை வளைத்துக் கோயில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மருந்து இருக்கு சாமி," என்றாள்.

கிணற்றுச் சந்து என்று ஒன்று இருக்கிறது, எட்டு வீடு. சப்பரம் அங்கே போனதே கிடையாது. சந்து குறுகல், முனையில் கம்பு திரும்பாது, திருப்பினால் சுவர் இடிக்கும் என்று பரம்பரை பரம்பரையாகச் சொல்லி, அந்த எட்டு வீட்டுக்காரர்களும் முனைக்கு வந்து நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். பெண்கள் சப்பரத்தோடு அந்த முனைக்குப் போய் நின்றார்கள். யாரும் கம்பைத் திருப்பவில்லை. சந்து மெல்லத் திரும்பி வந்தது, கிணறும் கொடியில் காய்ந்த துணியும் எட்டு வாசலும் அப்படியே திரும்பி வந்தன, நேர் எதிரே வந்ததும் சந்து ஒரு கணம் யோசித்தது.

"இப்ப," என்றாள் செசிலி, பதினாறு பேரும் உள்ளே நடந்தார்கள்.